கேட்டதையும் கொடுத்து, கேட்காததையும் எடுத்துக்கொண்டால்? (சரணாகதி பற்றி)

மாவுக்கடை (ரங்கூன்), சனி இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஆறேழு வருடமாகப் படிக்கிறேன், எழுதியது மூன்றோ நான்கோ தடவைதான், அதுவும் கிரைண்டர் கல் கொத்த ஆள் கிடைப்பாரா என்று கேட்டிருப்பேன். இன்று வேறு விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

போன ஞாயிறு கோயிலில் ஒரு பெரியவர் கூப்பிட்டு, ஆடி வெள்ளிக்குப் பெண்கள் கூட்டம் வைக்கிறோம், நீ பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். என்ன பேச? "நோயைக் கொடுத்து, பிள்ளையை எடுத்து, அம்மன் உன்னை எப்படி ஒரு நல்ல காரியத்துக்குக் கொண்டுவந்தாள், அதைச் சொல்லும்மா. சரணாகதிக்கு உன்னை மாதிரி உதாரணம் கிடையாது." நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்கக் கோபம். அவர் மேல் இல்லை, நல்ல மனிதர். அந்த வாக்கியத்தின் மேல் கோபம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 2014 ஜனவரியில் எனக்கு டிபி என்று தெரிந்தது, சாதாரண டிபி இல்லை, வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை, எம்.டி.ஆர். என்பார்கள். 20 மாத வைத்தியம், அதில் முதல் எட்டு மாதம் வாரத்துக்கு ஆறு நாள் ஊசி. சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை பையனைக் கிட்டே விடவில்லை. அவனுக்கு அப்போது ஆறரை வயது. என் அம்மாவோடு முன் அறையில் படுப்பான், நான் பின்னால். நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டை ஒவ்வொன்றாகத் தள்ளுவான், நான் ஒன்று திருப்பித் தள்ள வேண்டும். என்ன விளையாட்டு என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை, ஆனால் எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்.

ஊசி என் காதை எடுத்துவிட்டது. முழுக்க இல்லை, மெல்லிய சத்தங்கள் மட்டும் போய்விட்டன. கோயில் கைமணி கேட்காது, பெரிய மணி கேட்கும். சின்னப் பிள்ளைகள் பேச்சில் ச, ஸ, த எல்லாம் காற்று மாதிரிப் போகும்.

அப்போது பீலிக்கான் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், பிழைத்து எழுந்தால் தீ மிதிக்கிறேன் என்று. பிழைத்தேன். வைத்தியம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, 2015 ஜூலையில், பையனுக்கு டெங்கு. நான்கு நாள் காய்ச்சல். ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். (ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த இந்திய நாணயம், அதைத்தான் முடிவோம்.) மத்தியானம் வயிறு வலிக்கிறது என்றான். கை கால் ஐஸ். ராத்திரி ஆஸ்பத்திரி, ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். விடிவதற்கு முன்னால் என்னிடம் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுப்பா என்றேன், சொன்னான், அப்போதும் கேட்கவில்லை.

கேள்வி இதுதான். இதில் எங்கே இருக்கிறது சரணாகதி? நான் இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், செய்ய வேலை இருக்கிறது, காலையில் எழுந்திருக்கக் காரணம் இருக்கிறது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி இல்லை. எப்படி என்று எனக்கும் நேராகச் சொல்லத் தெரியவில்லை. கரண்ட் போகப்போகிறது, நாளை எழுதுகிறேன்.

மோல்மீன் சுப்பு, ஞாயிறு காலை 6.15

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு 71 வயது, ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் பட்டியலில் நான் இல்லை, தெரிந்த கதையைத்தான் சொல்லுவேன்.

அப்பர் சூலை நோயில் துடித்துத் திருவதிகை வந்து பாடிய கதையை எல்லோரும் சொல்கிறோம். அவருக்கு அக்கா ஒருத்தி உண்டு, திலகவதியார், அவரைப் பாதியில் விட்டுவிடுகிறோம். அப்பா அம்மா இருவரும் போனார்கள், நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் போனார், அதற்குமேல் உயிர் வைத்திருக்க மாட்டேன் என்று அந்தப் பெண் முடிவெடுத்தாள். தம்பி காலில் விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்றான். அதனால் இருந்தாள். எந்தத் தரிசனமும் இல்லை, அசரீரியும் இல்லை, தம்பிக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பிறகு திருவதிகையில் விடியுமுன் எழுந்து கோயில் வாசல் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தாள். தம்பி சமணத்திலிருந்து வயிற்று வலியோடு திரும்பி வந்தபோது திருநீறு எடுத்துக் கொடுக்க அங்கே ஒரு கை இருந்தது என்றால், நடுவில் அத்தனை வருடம் துடைப்பம் பிடித்த கை அது.

சரணாகதி பற்றிப் பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே கட்டிப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது, தாய் கவ்விக்கொண்டு போகும். வடகலை, தென்கலைச் சண்டையில் பாதி இதுதான். உங்களுடையது பூனைக் குட்டி வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்விக்குறி, ஞாயிறு காலை 9.30

அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு, அதனால் நேராகச் சொல்கிறேன். இந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது. எங்கள் தாத்தாவுக்கு ரங்கூனில் துணிக்கடை இருந்தது. 1964ல் கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், அதே வருடம் மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கப்பல் ஏறிப் போனார்கள். தாத்தா "எல்லாம் அவன் செயல்" என்று ஈஸிசேரில் உட்கார்ந்துவிட்டார், பாட்டி பலகாரம் சுட்டு விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். வீட்டில் தாத்தா பக்திமான், பாட்டி வாயாடி. 2021 ஜூலையில் அப்பாவுக்கு கோவிட், ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு நான் இரண்டு நாள் வரிசையில் நின்றேன், என் முறை வரும்போது தேவைப்படவில்லை. அப்போதும் ஒருவர் வந்து சொன்னார், அவனிடம் ஒப்படைத்துவிடு என்று. ஒப்படைக்க என்ன மிச்சம் இருந்தது?

தமிழ்ப் பேப்பரில் பாருங்கள், "கொலைக் குற்றவாளி கோர்ட்டில் சரண்" என்று போடுவான். அதுதான் இந்த வார்த்தையின் அசல் அர்த்தம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது. நல்லதை எல்லாம் செய்தது நீங்கள், பேர் மட்டும் வேறு யாருக்கோ.

மாவுக்கடை, ஞாயிறு பிற்பகல் 3.20

சுப்பு ஐயா, திலகவதியார் பற்றி எழுதியதைக் கடையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன், ஒரு கிலோ மாவுக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் பூனைக் குட்டி வேண்டாம் ஐயா. கடைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டதைப் பார்த்திருக்கிறேன். நோஞ்சான் குட்டியைச் சில சமயம் தாயே தின்றுவிடும்.

தம்பி கேள்விக்குறி, அப்பாவுக்கு வருந்துகிறேன். நீ சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பையனை யேவே மயானத்தில் அடக்கம் பண்ணினோம். இலவச இறுதிச் சடங்குச் சங்கத்து வண்டிதான் வந்தது, 2001ல் நடிகர் சோ தூவும் டைரக்டர் துக்காவும் ஆரம்பித்தது, சாதி மதம் பார்ப்பதில்லை, காசு வாங்குவதில்லை. திரும்பி வந்து குளித்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு பர்மாக்காரி, நான் மமா என்று கூப்பிடுவேன், அவர்தான் எனக்கு மருந்து விழுங்க வைக்கும் ஆள். இந்த நோய்க்கு அப்படித்தான், யாராவது ஒருத்தர் எதிரில் நின்று நீ விழுங்குவதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவோம் என்று. ஒரு கைப்பிடி மாத்திரை. இன்னும் இரண்டு மாதம் பாக்கி. எனக்கு எதற்கு என்றேன். மமா ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் மாத்திரையை வகை வகையாகப் பிரித்து வைத்தார், பெரிய ஆரஞ்சு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் நின்றார். காலில் வலி உள்ள மனுஷி. அவர் உட்காரட்டும் என்றுதான் முதல் மாத்திரையைப் போட்டேன். அம்மன் இல்லை, வாழ ஆசை இல்லை, ஒரு கிழவிக்கு முட்டி வலிக்கும், அதனால்.

அப்படியே 60 நாள்.

அந்தச் சமயத்தில் மமா ஒரு தடவை கிசாகோதமி கதை சொன்னார். செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் போனவள், சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று அவர் அனுப்பினாரே, அது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லா வீட்டிலும் சாவு இருந்தால் என் வீட்டுச் சாவு சின்னதாகிவிடுமா? மூஞ்சியில் அடித்த மாதிரிக் கேட்டேன். மமா கொஞ்ச நேரம் கழித்து, புத்தர் பதில் சொன்னதை எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அவள் பிணத்தோடு வீடு வீடாகப் போனபோது ஒவ்வொரு வீட்டுக்காரியும் கதவைத் திறந்திருக்கிறாள் பார் என்றார். அதற்கு எனக்குப் பதில் இல்லை.

அடுத்த தீமிதிக்கு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், வேண்டுதலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது, இன்னும் ஏதாவது ஆகும் என்று. இன்னும் என்ன ஆகும்? போனேன். மஞ்சள் துணி கட்டி வரிசையில் நின்றேன். குழிக்கு நாலு பேர் முன்னால் இருக்கும்போது எனக்குச் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் இதைக் கொடுக்கிறேன், நீ அதைக் கொடு. நீ கொடுத்தாய், நான் கொடுக்க வந்திருக்கிறேன், நடுவில் நீ ஒன்றை எடுத்துக்கொண்டாயே அது எந்தக் கணக்கு? திரும்பி நடந்துவிட்டேன். ஊரே பேசியது. எனக்கு எதுவும் ஆகவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன் தம்பி, மனசு லேசாகிவிட்டது. பேரம் முடிந்துவிட்டது. சாமி மேல் நம்பிக்கை போகவில்லை, அவளோடு வியாபாரம் போய்விட்டது.

இரவு ஷிஃப்ட், ஞாயிறு இரவு 11.40

நான் நர்ஸ். தத்துவம் எனக்கு வராது. ஒன்று மட்டும், இந்த மழை மாதத்தில் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா எழுதிய ஐந்தாம் நாள் காலை இருக்கிறதே, அதுதான் டெங்கில் பொறி. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து ஆரம்பிக்கும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், அடுத்த 24 முதல் 48 மணி நேரம் பிள்ளையை விட்டுக் கண் எடுக்கக்கூடாது. வயிறு கடுமையாக வலிப்பது, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து தூங்கி வழிவது அல்லது நிலை கொள்ளாமல் புரள்வது, ஐந்தாறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கொடுக்காதீர்கள்.

அக்கா, வீட்டில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. படித்தவர்களே காய்ச்சல் விட்டது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார்டை விட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த ஊசி வைத்தியம் இப்போது வழக்கத்தில் இல்லை. 2022ல் உலக சுகாதார நிறுவனம் எம்.டி.ஆருக்கு ஆறு மாத மாத்திரை முறையையே பரிந்துரைத்துவிட்டது, பெடாகுவிலினோடு. காது போகாது. உங்களுக்கு இது சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது.

மாவுக்கடை, திங்கள் காலை 5.05

இரண்டும்தான் தங்கச்சி.

நெறியாளர், திங்கள் காலை 8.00

காது கேளாமைக்கு மூலிகை எண்ணெய் விற்கும் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. இந்த இழையில் கடை போடாதீர்கள் (மாவுக்கடை தவிர).

எஸ்தர் டீச்சர், திங்கள் மாலை 5.30

எங்கள் சபையில் ஜட்சன் பற்றி வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கம் உண்டு. அதோனிராம் ஜட்சன், 1813ல் ரங்கூனுக்கு வந்த மிஷனரி, பர்மிய பைபிளை மொழிபெயர்த்தவர். சொல்லும்போது "எல்லாவற்றையும் இழந்தார், ஆனாலும் வேலையை முடித்தார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அந்த "ஆனாலும்" நடுவில் என்ன இருந்தது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு 30 வயது, நானும் ஒன்பதாம் மாதத்தில் பிள்ளையை இழந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

ரங்கூனில் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் செத்துப்போனது. பிறகு போர், ஆவாவில் சிறை, காலில் விலங்கு, உடம்பு நாசம். வெளியே வந்தார். 1826 அக்டோபரில் மனைவி ஆன் ஆம்ஹர்ஸ்டில் காய்ச்சலில் இறந்தார், இப்போதைய சைக்கமி, சுப்பு ஐயாவுக்குப் பக்கம்தான். அடுத்த ஏப்ரலில் இரண்டு வயது மகள் மரியாவும் போனாள். அதன் பிறகு அந்த மனுஷன் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தனக்குத் தானே குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார். தேவனைத் தேடுகிறேன், காணவில்லை என்று எழுதினார். மொழிபெயர்ப்பு முடிந்தது 1834 ஜனவரியில். நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தைத்தான் பிரசங்கத்தில் தாண்டிக் குதிக்கிறார்கள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தப் பைபிள் இல்லை, அந்தக் குழிதான். அதில் உட்கார்ந்திருந்தவரை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்லவில்லை. மாவுக்கடை அக்கா, ஆடி வெள்ளிக் கூட்டத்துக்குப் போவதானால் பேரம் முடிந்ததைச் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

கேள்விக்குறி, திங்கள் இரவு 9.15

சரி, நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். ஆனால் அக்கா, பேரம் முடிந்தது என்றால் அது எனக்குப் புரிகிறது, அதை ஏன் சரணாகதி என்று சொல்ல வேண்டும்? நாத்திகன் அதைத்தானே முதல் நாளிலிருந்து சொல்கிறான்?

மோல்மீன் சுப்பு, செவ்வாய் காலை 6.00

முதலில் பூனைக்கு மன்னிப்பு. உவமை சொல்பவனுக்கு அந்தப் பிராணியை வளர்த்த அனுபவம் வேண்டும்.

தம்பி, சொல்லின் அசல் அர்த்தம் என்று கோர்ட்டைக் காட்டினாய். சரணம் என்றால் புகலிடம், ஒண்டிக்கொள்ளும் இடம். சரணாகதி என்றால் அங்கே வந்து சேர்வது. நம் பழைய சொல்லில் அடைக்கலம். கையைத் தூக்குவது பிற்பாடு போலீஸ்காரன் சேர்த்தது. இங்கே பக்கத்து வீட்டில் தினம் காலையில் "புத்தம் சரணம்" என்கிறார்கள், பர்மியத்தில் அதைத் தரணகோன் என்பார்கள். கூரைக்கு அடியில் ஒதுங்குகிறவன் மழையிடம் தோற்றுவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இதை எங்கேயும் எழுதியதில்லை. என் அப்பாயி 1942ல் நடந்தவர். 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் கிளம்பி, மாந்தளை, கலேவா, தாமு வழியாக மணிப்பூர். லட்சக்கணக்கில் நடந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே. தாமுவுக்கு முன்னால் காலராவில் என் பெரியப்பா போய்விட்டார், நான்கு வயசு. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். கொடுக்கக் கூடாது, அந்தத் தண்ணீரில்தான் நோய் என்று கூட வந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். நிற்க முடியாது, வரிசை நகர்கிறது. இலையால் மூடிவிட்டு நடந்தார். 1946ல் திரும்பி வந்து மோல்மீனில் குடியேறினார். அவர் வாயில் சாமி பேச்சே வந்து நான் கேட்டதில்லை, கோயிலுக்கு வாசலோடு சரி. ஆனால் வீட்டு முன்னால் ஒரு மண்பானை, பர்மாக்காரர்கள் வழிப்போக்கர்களுக்கு வைப்பார்களே அந்த மாதிரி, தினம் கழுவி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஊற்றுவார். காய்ச்சாத தண்ணீரை ஒரு நாளும் ஊற்றியதில்லை. சாகும்வரை, 41 வருடம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அப்பா ஒரு நாள் சொல்லித்தான் தெரியும். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையைப் படிக்கும்வரை நான் யோசித்ததில்லை. இப்போதும் பெயர் வைக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

இரவு ஷிஃப்ட், செவ்வாய் காலை 7.10

கண் கலங்கிவிட்டது ஐயா. (பானைக்கு மூடி இருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், மழைக்காலம்.)

மோல்மீன் சுப்பு, செவ்வாய் காலை 7.30

இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டைக் கைப்பிடியோடு.

மாவுக்கடை, செவ்வாய் இரவு 12.20

மூடி என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். தெரியாமல் விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவப் போனேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு நீல டிரம், மழைத் தண்ணீர் பிடிப்போம், அரிசி கழுவ. மேலே பாதிக்கு ஒரு தகரம். குனிந்து பார்த்தால் தண்ணீர் முழுக்க நெளிகிறது. நிழல் பட்டதும் எல்லாம் தலைகீழாக அடியில் இறங்கின, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து தொங்கின. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் வரும், பகலில்தான் கடிக்கும், சாக்கடையில் இல்லை. நான் 18 மாதமாக விளக்கேற்றிக் கும்பிட்ட வீட்டில், என் மாவு அரிசி கழுவுகிற தண்ணீரில்.

வேறு வீட்டுக் கொசுவாகவும் இருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரிந்தவரை இதுதான். இந்த டிரம்மை நான் அம்மனிடம் விடவில்லை, விடவும் மாட்டேன். மூடி வாங்கினேன், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து வாங்கி வந்து தெருவில் இருக்கிற ஒவ்வொரு டிரம்மிலும் போடச் சொல்லிக் கதவைத் தட்டினேன், முதல் வருஷம் பைத்தியம் என்றார்கள். இப்போதும் மழை பிடித்தால் மாவு வாங்க வருகிற ஒவ்வொரு தாயிடமும் கேட்பேன், காய்ச்சல் விட்ட பிறகு என்ன பார்க்க வேண்டும் சொல்லு பார்க்கலாம் என்று, சொல்லாவிட்டால் மாவு கிடையாது. இதெல்லாம் என் கையில் இருப்பது. எதை விட்டேன் என்றால், "ஏன்" என்பதை விட்டேன். ஏன் நான் பிழைத்து அவன் போனான், அந்தக் கணக்கை நேர் பண்ணுவதை விட்டேன். தினம் ராத்திரி அந்தக் கணக்கோடு படுத்து அதோடு எழுந்தவள் நான், ஒரு வருடத்துக்கு மேல். நாத்திகனும் அதை விடலாம், நீ சொல்வது சரி. எனக்குக் கீழே வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, அவள் காலடி இருந்தது, வைத்தேன். சில நாள் திரும்ப எடுத்துக்கொள்வேன், ஜூலையில் அநேகமாகத் தினமும்.

குற்ற உணர்ச்சி போகவில்லை. அதை வைக்கிற இடம் இன்னும் கிடைக்கவில்லை.

வேலை வந்த கதை சின்னது. 2017ல் மமா மகளோடு மாந்தளைக்குப் போனார். போகும்போது, மூன்றாவது சந்தில் ஒரு பெண்ணுக்கு உன் நோய்தான், 19 வயது, வாந்தி எடுக்கிறாள், காலை ஆறு மணிக்கு நீ போய் நில்லு என்று டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நிஜமாகவே டம்ளரைக் கொடுத்தார், எவர்சில்வர். போய் நின்றேன். இதுவரை ஒன்பது பேர். ஏழு பேர் முடித்துவிட்டார்கள், ஒருத்தர் ஊரைவிட்டுப் போனார், ஒருத்தர் இறந்துவிட்டார்.

மூடிய குடை, புதன் அதிகாலை 3.10

இதுவரை எழுதியதில்லை. மகள் போய் மூன்று வாரம் ஆகிறது. ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். எனக்குச் சரணாகதி, புகலிடம் எதுவும் வேண்டாம். தயவுசெய்து யாரும் கடவுள் பற்றிச் சொல்லாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

இரவு ஷிஃப்ட், புதன் அதிகாலை 3.14

நான் விழித்திருக்கிறேன் அண்ணா. ஐந்து மணிவரை இருப்பேன். எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

எஸ்தர் டீச்சர், புதன் அதிகாலை 4.40

நான் பழைய கணக்கு நோட்டில் வாய்ப்பாடு எழுதினேன். 17ஆம் வாய்ப்பாடு வரை போனேன். சிரிப்பதானால் சிரியுங்கள்.

மாவுக்கடை, புதன் காலை 5.00

தம்பி, எனக்கு மூன்று மணிக்கு கிரைண்டர். எங்கள் வரிசைக்குக் கரண்ட் வருவதே பல நாள் அப்போதுதான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிற சத்தம், அடித் தொண்டைச் சத்தம். பள்ளிக்கூடப் பையை எடுத்து வைக்க யாராவது சொல்வார்கள், உனக்குத் தோன்றும்வரை எடுக்காதே, நான் 14 மாதம் ஆணியிலேயே விட்டேன். சாப்பாடு இறங்காது, கஞ்சியாவது குடி. உடம்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிற ஆளா நீ?

மூடிய குடை, புதன் காலை 5.20

பிரஷர், சர்க்கரை. மூன்று வாரமாகப் போடவில்லை.

மாவுக்கடை, புதன் காலை 5.22

வீட்டில் இருக்கிறதா?

மூடிய குடை, புதன் காலை 5.25

இருக்கிறது. அலமாரியில்.

மாவுக்கடை, புதன் காலை 5.26

எடுத்துத் தட்டில் வை. போட வேண்டாம், வை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

இரவு ஷிஃப்ட், புதன் காலை 5.31

அண்ணா, மூன்று வாரம் விட்டுப்போனதால் இன்றோ நாளையோ ஒரு கிளினிக்கில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு மடங்காகப் போடக் கூடாது.

மூடிய குடை, புதன் காலை 6.05

வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாவுக்கடை, புதன் காலை 6.06

சரி. நான் நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கும் இப்போது முட்டி வலி உண்டு.

மூடிய குடை, புதன் காலை 6.40

ஒன்று போட்டேன். பிரஷர் மாத்திரை.

மாவுக்கடை, புதன் காலை 6.41

நாளைக்கு ஆறு மணிக்கு. இப்போது நான் மூன்றாவது சந்துக்குப் போக வேண்டும்.